மூன்றாவது மேசையின் தீ

சம்புடத்தைத் திறந்தால் பிளாட்டினத்தைக் காணோம். ஒரு பிடி பொரிதான் இருந்தது.

ஆயுத பூஜை அன்று மதியம் இரண்டரை மணி. அம்பத்தூர் எஸ்டேட்டில், சோதனைக்கூடங்களுக்குக் கண்ணாடிக் குடுவையும் குழாயும் செய்து கொடுக்கும் ஒரு சின்னக் கம்பெனி. முதலாளி தட்சிணாமூர்த்தி சம்புடத்தைக் கவிழ்த்து உதறிப் பார்த்தார். பொரி கொட்டியது. அது தரையில் விழுந்து முடிவதற்குள் அவர் வாயிலிருந்து ஒரு பெயர் விழுந்துவிட்டது.

"சுதா."

மூன்று மணிக்கு சப்-இன்ஸ்பெக்டர் சாமுண்டீஸ்வரி ஜீப்பிலிருந்து இறங்கினாள். பண்டிகை நாளில் டியூட்டி போட்ட கோபம் காலையிலிருந்தே அவள் மூக்கு நுனியில் உட்கார்ந்திருந்தது. கேட்டுக்குள் வரிசையாக நின்ற பைக்குகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், மாலை. ஹேண்டில்பாரில் எலுமிச்சையும் மிளகாயும் கோத்த திருஷ்டிக் கயிறு. சிலவற்றில் கரித்துண்டு, ஒன்றில் கரும்பச்சை மணிகள். கூடவே வந்த கான்ஸ்டபிள் சரண், வாசலில் உடைந்து கிடந்த பூசணிக்காயில் வழுக்கி, ஒரு பைக்கைப் பிடித்துக்கொண்டு தப்பித்தான்.

"வண்டியைத் தள்ளிடாதே. அதுக்கும் ஒரு புகார் கொடுப்பாங்க" என்றாள் அவள்.

தட்சிணாமூர்த்தி எதிரே வந்தார். அம்பத்தூர் ஏரிக்கரையில் தாத்தா நெல் விளைத்த நிலத்தில் ஷெட் போட்டவர். நிலத்தோடு அதிகாரமும் பரம்பரையாக வந்தது என்று நினைப்பு.

"ஆள சொல்லிட்டேன் மேடம். இட்டுகினு போயி நாலு தட்டு தட்டுனா கக்கிடுவா."

"தட்டுறது எப்படின்னு எனக்குத் தெரியும். பொருள் எங்கே இருந்துச்சு, அதை மட்டும் சொல்லுங்க."

"சாமி முன்னாடி. பிளாட்டினம் கம்பிச் சுருள். ஒரு ஆய்வுக்கூடத்துல கரண்டு முனை செய்யறதுக்காக நம்பிக் குடுத்தது. வெலை ஒசந்த சாமான் பூஜைல இருக்கணும்னு வருசா வருசம் வெக்கறதுதான்."

"சாப்பிடப் போகும்போது ரூமைப் பூட்டலையா?"

"வெளக்கு எரியற ரூமை எவனாச்சும் பூட்டுவானா?"

கேட்டைப் பூட்டித்தான் சாப்பிட உட்கார்ந்தார்கள். யாரும் வெளியே போகவில்லை. திருட்டு தெரிந்ததும் ஆண்களை முதலாளியே தடவிப் பார்த்தார். பெண்களைக் கேட் காவல் நாகம்மா தடவினாள். தினமும் வேலை முடிந்து போகும்போதும் அங்கே அதுதான் வழக்கம். பை, டிபன் கேரியர், பைக் சீட்டு, பெட்ரோல் டேங்க் வரைக்கும் பார்த்தாகிவிட்டது. கம்பி அகப்படவில்லை.

"சுதாதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"எல்லாரும் பின்னாடி பந்தல்ல சாப்ட்டாங்க. அவ ஒருத்திதான் மூஞ்ச தூக்கி வெச்சிகினு எந்திரிச்சி போனா."

சுதா சுவரோரம் கைகட்டி நின்றாள். முப்பத்தைந்து வயதிருக்கும். புருஷன் போன பிறகு, அவன் உட்கார்ந்து கண்ணாடி ஊதிய அதே மேசையில் உட்கார்ந்தவள். திருநின்றவூரில் வாடகை வீடு, பள்ளிக்கூடம் போகும் ஒரு பெண்.

"எங்கே போனே?"

"மொட்டை மாடிக்கு."

"யாராவது பார்த்தாங்களா?"

"அழறதுக்கு சாட்சி வெச்சிகினா போவாங்க?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "மேடம், ஒரு தபா உங்க ஜீப்ல ஏறிட்டேன்னா முடிஞ்சிச்சு. ஊட்டுக்காரன் இன்னிக்கே காலி பண்ண சொல்லுவான். என் பொண்ண திருடி பொண்ணும்பாங்க. கேக்கறத இங்கியே கேளுங்க."

"எதுக்கு அழுதே?"

சுதா முதலாளியின் மனைவி மங்களத்தைப் பார்த்தாள். மங்களத்தின் பட்டுப்புடவை முறைத்துக்கொண்டு நின்றது, அவளும்தான். அவளுக்குப் பின்னால் பேக்கிங் செய்யும் பெண்கள். எல்லார் கையிலும் அம்மன் பிரசாதமாகக் கரும்பச்சை வளையல் புதிதாக மின்னியது. சுதாவின் கை மட்டும் வெறுமையாக இருந்தது.

"அதாங்க சண்ட" என்றாள் மங்களம். "எல்லாருக்கும் சேத்துதான் வாங்கினேன். இவளுக்கும் சேத்துதான். இவ கிட்ட வரும்போது தட்டு காலி. நான் இன்னா பண்ணட்டும்?"

"புருசன் செத்தவளுக்கு எதுக்கு வளையலுன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம். தட்டு காலியாம், தட்டு."

"பாத்தீங்களா மேடம், நாக்கு எவ்ளோ நீளம்னு?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மங்களம் சொன்னதை அங்கே யாரும் நம்பவில்லை. உண்மையைச் சொன்னால், சாமுண்டீஸ்வரியும் நம்பவில்லை. இப்படிப்பட்ட தட்டுகள் யாரிடம் வரும்போது காலியாகும் என்று அவளும் பார்த்து வளர்ந்தவள்தான். அவள் அந்தப் பேச்சை அங்கேயே விட்டுவிட்டு, கண்ணாடி உருக்கும் டார்ச் அறைக்குள் போனாள்.

நீளமான அறை. கோடியில் சரஸ்வதி படம், இன்னும் எரியும் விளக்கு, வெற்றிலை, சுண்டல். சுவரோரம் மூன்று மேசை. ஒவ்வொன்றிலும் ஒரு டார்ச், அதற்கு இரண்டு குமிழ்: சிவப்பு புரொப்பேனுக்கு, நீலம் ஆக்சிஜனுக்கு. ரப்பர் குழாய்கள் சுவரைத் துளைத்துக்கொண்டு பின்கட்டுச் சிலிண்டர்களுக்குப் போயின. மூன்றாவது மேசை தூணுக்குப் பின்னால் இருந்ததால் வாசலிலிருந்து தெரியவில்லை. பக்கத்துக் கம்பெனி ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு காதைக் கிழித்தது.

"இது மத்தியானமும் ஓடுச்சா?"

"காலைலேருந்து ஓடுது" என்றார் தட்சிணாமூர்த்தி.

டார்ச்சுகளின் மூக்கில் சந்தனம் பூசி, நடுவில் குங்குமம் வைத்திருந்தது. சாமுண்டீஸ்வரி முதல் டார்ச்சின் சந்தனத்தை விரலால் தொட்டாள். காய்ந்து வெடித்துப் பொடியாக உதிர்ந்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைத் தொட்டாள். விரலில் ஈரமாக ஒட்டியது.

விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"மூணாவது யாரோடது?"

"சுதாவோடது" என்றார் தட்சிணாமூர்த்தி, அதுவே ஒரு குற்றம் போல.

ஃபோர்மேன் பரந்தாமனைக் கூப்பிட்டாள். நெற்றி நிறைய விபூதி, கை நிறையப் பழைய தீக்காயத் தழும்பு. முதல் மேசைக்காரர். இருபது வருஷமாக அங்கே பூஜை என்றால் அவர்தான்.

"சந்தனம் வச்சது யாரு?"

"நான்தாம்மா."

"எப்போ?"

"காலைல, பூஜைக்கு முன்னாடி. மூணுக்கும் ஒண்ணாதான் வெச்சேன்."

"சாப்பாட்டு நேரத்துல எங்கே இருந்தீங்க?"

"முன்னாடி வண்டிங்களுக்கு எலுமிச்சம்பழம் கட்டிகினு இருந்தேன். கடைசியாதான் வந்து சாப்ட்டேன்."

அடுத்தவன் இரண்டாவது மேசை அசோக். பட்டாபிராமிலிருந்து ரயிலில் வரச் சோம்பல்பட்டு பைக்கில் வருகிறவன். முதலாளியைக் கண்டாலே அவனுக்குத் தாடை இறுகியது.

"நீ பந்தலுக்கு லேட்டா வந்தியாமே?"

"சோடா வாங்க போனேன். அப்போ இன்னும் கேட்டு பூட்டல. பந்தி ஆரம்பிக்கும்போதே வந்துட்டேன். போகும்போதும் தடவுனாங்க, வரும்போதும் தடவுனாங்க. பூஜை நாள்ல கூட நாங்க திருடனுங்கதான்."

"பைக்லயா போனே?"

"ஆமா. பழம் தொங்கிகினு இருந்துச்சா, நசுங்கிடப் போவுதுன்னு மெதுவா போனேன்."

சாமுண்டீஸ்வரி ஒரு நொடி அவனையே பார்த்தாள். பிறகு சுதாவை உள்ளே அழைத்தாள்.

"இந்த நெருப்பை எப்படி வைப்பீங்க? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"இப்ப அது எதுக்கு?"

"கேட்டதுக்குப் பதில்."

சுதா வேண்டாவெறுப்பாக ஆரம்பித்தாள். "மொதல்ல புரொப்பேன தொறக்கணும். அது மஞ்சளா, சோம்பேறியா எரியும். அப்புறம் ஆக்சிஜன். கொஞ்சம் கொஞ்சமா. மஞ்சள் போயி, வாய்ல நீலமா பல்லு பல்லா நிக்கணும். சீறணும். எங்க கண்ணாடி கெட்டி. அந்த நெருப்புக்குதான் மசியும்."

"தினமும் காலைல இப்படித் திருகணுமா?"

"ஒரு தபா வெச்சா வெச்சதுதான். கீழ கால்மிதி கீது பாருங்க. காலை எடுத்தா ரெண்டு கேஸும் நிக்கும். மிதிச்சா அதே நெருப்பு திரும்பி வரும். நேத்து சாயங்காலம் குமிழ அப்படியே விட்டுட்டு, பின்னாடி மெயின மட்டும் மூடினோம்."

"உன் குமிழை வேற யாராவது தொடுவாங்களா?"

"இங்க ஒருத்தர் குமிழ ஒருத்தர் தொட மாட்டோம். தொட்டா சண்ட வரும்."

"சரி. மெயினைத் திற. பத்த வை."

அறை ஒரேயடியாகக் கொதித்தது. மங்களம் வாயில் கை வைத்தாள். தட்சிணாமூர்த்தி, "யோவ்" என்று யாரையோ கூப்பிட வந்து, எதிரே நிற்பது போலீஸ் என்று ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார். அசோக் கூட முகம் சுளித்தான். பரந்தாமன் குறுக்கே வந்து நின்றார்.

"ஆயுதத்துக்கு இன்னிக்கு ஓய்வும்மா. நாளைக்கு விஜயதசமி, காலைல நல்ல நேரம் பாத்து பத்த வெப்போம். இன்னிக்கு தொட்டா தெய்வ குத்தம். இந்தப் பாவம் உங்கள சும்மா வுடாது."

"எனக்கு ஆயுதம் லத்தி. அதுக்கு இன்னிக்கு ஓய்வு கொடுத்திருந்தா நான் இங்கே வந்திருக்கவே மாட்டேன். நகருங்க."

"நான் பத்த வெக்கிறேன்" என்றாள் சுதா. "எனக்கு வந்த பாவத்துக்கு மேல இன்னா வரப் போவுது?"

சரண் பின்கட்டுக்குப் போய், சுதா சொன்னபடி இரண்டு சிலிண்டரையும் திறந்தான். அவள் மேசையில் உட்கார்ந்து, லைட்டரை டார்ச்சின் வாயில் காட்டி, மிதியை அழுத்தினாள்.

டப் என்றது. நெருப்பு வந்தது. நீலமாகவும் வரவில்லை, சீறவும் இல்லை. நீளமாக, புசுபுசுவென்று, நுனியில் மஞ்சள் ஆடிக்கொண்டு வந்தது.

சுதாவின் கால் தானாக மிதியை விட்டு எழுந்தது. நெருப்பு அணைந்தது.

"இது என் நெருப்பு இல்ல" என்றாள்.

"இன்னா இது, தீவட்டி கணக்கா எரியுது" என்றான் அசோக்.

"உன்னுதைப் பத்த வை" என்றாள் சாமுண்டீஸ்வரி. அவன் தயங்கித் தயங்கி மிதித்தான். நீலப் பற்கள் பளிச்சென்று நின்றன. சீறல் அறையை நிறைத்தது. பரந்தாமனின் டார்ச்சும் அப்படியே. மூன்றாவது மேசை மட்டும்தான் மாறியிருந்தது.

"சுதா, உன் டார்ச்ல இருந்த நெருப்பு எதுக்கு ஆகும்?"

"எங்க கண்ணாடிக்கு ஆவாது. ஆக்சிஜன் பத்தல. இது இளகின கண்ணாடிக்கு வெக்கற நெருப்பு. அத எங்க நெருப்புல காட்டுனா கொதிச்சு நுரைச்சிடும். பாட்டிலு, டியூப்லைட்டு..." அவள் நிறுத்தினாள். கண் மங்களத்தின் கைக்குப் போனது. "வளையலு."

ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு முடிந்து அடுத்தது தொடங்குவதற்குள் இருந்த இடைவெளியில், அந்தச் சொல் எல்லோருக்கும் கேட்டது.

சாமுண்டீஸ்வரிக்குத் தன் மேலேயே கோபம் வந்தது. கண்ணெதிரே ஒருத்தி உண்மையைச் சொன்னாள். பட்டுப்புடவையைப் பார்த்தும், வெறும் கையைப் பார்த்தும் முடிவு கட்டிவிட்டதால் அது காதில் ஏறவில்லை. பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

"மங்களம்மா. சுதாவுக்கும் சேர்த்து வளையல் வாங்கினது நிஜம்தானே?"

"நான்தான் அப்பவே சொன்னேனே. எவ நம்பினா?"

"காலைல தட்டைச் சாமி முன்னாடி வச்சது யாரு?"

"நான் எங்க உள்ள வந்தேன், பொங்கலுக்கு அடுப்புல நின்னேன். கடைல கட்டிக் குடுத்த பொட்டலத்த அப்படியே பரந்தாமன் கிட்டதான் குடுத்தேன்."

சாமுண்டீஸ்வரி வாசலுக்கு நடந்தாள். எல்லோரும் பின்னால் வந்தார்கள். பைக் வரிசையில், கரித்துண்டு தொங்கிய கயிறுகளையெல்லாம் தாண்டி, கரும்பச்சை மணி கோத்த கயிற்றின் முன்னால் நின்றாள்.

"இது யார் வண்டி?"

"ஃபோர்மேனோடது" என்றாள் நாகம்மா.

சாமுண்டீஸ்வரி கயிற்றில் கை வைத்தாள். பரந்தாமன் ஓடி வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார்.

"திருஷ்டிக் கயிற அறுக்காதம்மா. அடுத்தவன் திருஷ்டிய தொடறது ஆவாது. உன் குடும்பத்துக்கு வந்துடும்."

"அதனாலதான் ஓனரும் தொடலை. சீட்டைத் தூக்கிப் பார்த்தாரு, டேங்கைத் திறந்து பார்த்தாரு, கண்ணுக்கு நேரா தொங்கினதைத் தொடலை. கையை எடுய்யா."

இதுவரை 'ங்க' போட்ட வாய் 'ய்யா' போட்டதும் பரந்தாமனின் பிடி தளர்ந்தது. அவள் கயிற்றை அறுத்தாள். ஒரு மணியை உருவி, பூசணி உடைத்த கல்லின் மேல் வைத்து, இன்னொரு கல்லால் ஒரே போடு போட்டாள். பச்சைத் தூள் சிதறியது. நடுவில், சுருட்டி அமுக்கிய கம்பி வெள்ளையாக மின்னியது.

தட்சிணாமூர்த்தி குனிந்து அதை எடுக்கப் போனார். "அது இப்போ போலீஸ் சொத்து" என்று லத்தியைக் குறுக்கே நீட்டினாள் அவள்.

பிறகு பரந்தாமனைப் பார்த்துப் பேசினாள். குரலில் வெற்றி இல்லை, எரிச்சல்தான் இருந்தது.

"காலைல பொட்டலத்தைப் பிரிக்கும்போதே கொஞ்சம் வளையலை எடுத்துட்டே. தட்டு குறைஞ்சா யார் வரைக்கும் வந்து குறையும்னும், அதை எல்லாரும் எப்படி எடுத்துப்பாங்கன்னும் உனக்குத் தெரியும். சாப்பாட்டு நேரத்துல கம்பியை எடுத்து, சம்புடத்துல பொரியைப் போட்டே, தூக்கினா காலின்னு தெரியக் கூடாதுன்னு. பின்கட்டு மெயினைப் பந்திக்கு முன்னாடியே திறந்து வச்சிருந்து, தூணுக்குப் பின்னாடி இருக்கிற சுதா மேசைல உட்கார்ந்தே. நெருப்பு சத்தத்தை அம்மன் பாட்டு மூடிடுச்சு. கம்பியைத் துண்டா நறுக்கிச் சுருட்டி, மேலே வளையலை உருக்கி மூடினே. சூட்டுல டார்ச் மேல இருந்த சந்தனம் கருகிடுச்சு. துடைச்சுட்டுப் புதுசு வச்சே, கடைசியா சாப்பிட வந்தப்போ மெயினை மூடினே. காலைல மூணுக்கும் ஒண்ணாதான் வச்சேன்னு நீயே சொன்னே. ரெண்டு காஞ்சு உதிருது, ஒண்ணு மட்டும் என் விரல்ல ஒட்டுது."

"வண்டிக்கு பழம் கட்டிகினு இருந்தேன்..."

"சாப்பாட்டுக்கு முன்னாடி அசோக் சோடா வாங்கப் போகும்போதே அவன் வண்டில பழம் தொங்கிட்டு இருந்துச்சு. நீ சாப்பாட்டு நேரத்துல கட்டினது ஒண்ணே ஒண்ணு. உன்னோடது."

அசோக் ஏதோ கெட்ட வார்த்தையை முணுமுணுத்தான்.

"எல்லாம் சரி மேடம்" என்றார் தட்சிணாமூர்த்தி. "இருவது வருசம் நெருப்புல வேல செஞ்சவன், குமிழ திருப்பி வெக்காம போவானா?"

"வேற நாளா இருந்தா வச்சிருப்பான். அதுக்கு அவசியமே இல்லைன்னு நினைச்சுட்டான். இன்னிக்கு எவனும் டார்ச்சைப் பத்த வைக்க மாட்டான். நாளைக்குக் காலைல நல்ல நேரம் வரும்போது இந்தப் பச்சை மணியெல்லாம் இவன் வீட்டுல இருக்கும், சுதா லாக்கப்புல இருப்பா. அவ நெருப்பு மாறியிருக்குன்னு சொல்ல அவளைத் தவிர யாரு இருக்கா? நீங்க எல்லாரும் கும்பிடற நாளை நம்பி இவன் திருடியிருக்கான்."

பரந்தாமன் விபூதியைத் துடைத்துக்கொண்டார். மறுப்பதற்கு ஒன்றும் இல்லை என்று தெரிந்ததும் முகத்தில் பணிவு போய் வெறுப்பு வந்தது.

"ஆமா, எடுத்தேன். இந்த ஷெட்ட அபார்ட்மென்ட் கட்டறவனுக்கு பேசி முடிச்சிட்டாரு இவரு. ரெண்டு மாசமா அளந்துகினு போறானுங்க. எங்ககிட்ட ஒரு வார்த்தை? கைய சுட்டுகினவன் நானு. போகும்போது எனக்கு இன்னா குடுப்பாரு, ஒரு சுவீட் டப்பாவா?"

பெண்கள் தட்சிணாமூர்த்தியைப் பார்த்தார்கள். அசோக் பார்த்தான். அவர் பூசணித் துண்டுகளைப் பார்த்தார்.

"அந்தக் கோபம் அவர் மேல. சுதாவை எதுக்கு மாட்டிவிட்டே?" என்றாள் சாமுண்டீஸ்வரி.

"அவ பேர நான் சொல்லல. ஓனருதான் சொன்னாரு."

"நீ கேட்டுக்கிட்டு நின்னே. ஏறு ஜீப்ல."

சரண் அவரை ஏற்றினான். தட்சிணாமூர்த்தி தொண்டையைச் செருமிக்கொண்டு சுதாவிடம் வந்தார். "ஏதோ பதட்டத்துல சொல்லிட்டேன். மனசுல வெச்சிக்காத."

"வெச்சிக்குவேன்" என்றாள் சுதா.

மங்களம் தன் கையிலிருந்த பச்சை வளையல்களைக் கழற்ற ஆரம்பித்தாள். புதுசு, இறுக்கம், விரல் முட்டியில் மாட்டிக்கொண்டு வர மறுத்தன. அவள் கண்ணில் தண்ணீர் நின்றது, வலியாலா வேறெதனாலா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"நெசமாவே எனக்கும் வாங்கினீங்களா?" என்று கேட்டாள் சுதா.

"வாங்கினேன்டி."

"நான் நம்பல. நம்பற மாதிரி இதுக்கு முன்ன நீங்க எதுவும் செஞ்சதில்ல." மாட்டிக்கொண்ட வளையலைப் பார்த்தாள். "கழட்டாதீங்க, ஒடஞ்சிடும். அடுத்த வருசம் தட்ட என்கிட்டயிருந்து ஆரம்பிங்க. அடுத்த வருசம்னு ஒண்ணு இங்க இருந்தா."

கடைசி வார்த்தையை முதலாளியைப் பார்த்துச் சொன்னாள்.

சாமுண்டீஸ்வரி ஜீப்பில் ஏறும்போது உள்ளேயிருந்து மறுபடியும் டப் என்ற சத்தம் வந்தது. எட்டிப் பார்த்தாள். சுதா மூன்றாவது மேசையில் உட்கார்ந்து சிவப்புக் குமிழைக் கொஞ்சம் குறைத்து, நீலக் குமிழை மெல்ல ஏற்றிக்கொண்டிருந்தாள். மஞ்சள் சுருங்கியது. நீலம் பல் பல்லாக எழுந்து சீறியது. தலையைச் சாய்த்து அந்தச் சத்தத்தைக் கேட்டாள். இன்னும் மயிரிழை ஏற்றினாள். திருப்தியானதும் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, மெயினை மூடப் பின்கட்டுக்குப் போனாள். யாரும் அவளைத் தடுக்கவில்லை.